ஓட்டு: யாருடைய கடமை?

1

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நாள். ஓடைப்பட்டியில் பள்ளிக்கூடத்துச் சுவரில் வழக்கமான வாசகம் ஒட்டியிருந்தது: வாக்களிப்பது நமது கடமை. திராட்சைப் பந்தலுக்குக் கொத்து வெட்டப் போகிற அம்மா ஒருவர், ஓட்டுப் போட்டுவிட்டுத் தூக்குவாளியோடு வெளியே வந்தார். 'போட்டாச்சா அத்தை?' என்றேன். விரலைக் காட்டினார். பிறகு சுவரைக் காட்டினார். 'இது என்னப்பா எழுதியிருக்கு?' வாசித்துச் சொன்னேன். 'அதுசரி. அஞ்சாறு வருசமா எலெக்சனே வைக்காம இருந்தாகளே, அது யாரு கடமை? சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து நின்னப்ப கேக்கப் போனா மெம்பரே கிடையாதுன்னு சொன்னாக. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எனக்குக் கடமையாக்கும்?'

நான் பதில் சொல்லவில்லை. சொல்லப் பதில் இல்லை என்பதுதான் உண்மை. அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், 'ஜனநாயகக் கடமை' என்று நாளிதழ்த் தலையங்கமும் ஆசிரியர்களும் ஆட்சியரும் சேர்ந்து பேசுகிற பேச்சு முழுவதையும் அந்த அம்மா ஒரே கேள்வியில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார். கடமை என்ற சொல் எப்போதும் கீழே இருப்பவரை நோக்கியே நீள்கிறது. அது மேலே நோக்கித் திரும்பினால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அந்தத் திருப்பத்தைத்தான் செய்து பார்க்க முயல்கிறது.

2

முதலில் விவரங்கள். ஓடைப்பட்டி ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டின் மற்றப் பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகளைப் போலவே 2011 அக்டோபரில் இங்கே தேர்தல் நடந்தது. ஐந்தாண்டு பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த அக்டோபர் 17, 19 தேதிகளில் மறுதேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு, புதிய மாவட்டப் பிரிவினை, பெருந்தொற்று என்று ஒவ்வொரு காரணமாக வந்துகொண்டே இருந்தது. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19. ஆக, ஓடைப்பட்டி மாதிரியான ஊர்களில் ஐந்து ஆண்டு நாலு மாதம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. தனி அலுவலர்தான் மன்றம், அவரே தலைவர், அவரே தீர்மானம். ஒரு முழுப் பதவிக்காலத்தைவிட நீளமான காலம் இது.

அரசியல் சட்டத்தின் 243உ பிரிவு என்ன சொல்கிறது? நகராட்சி அமைப்பின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு, 'அதற்கு மேல் இல்லை'. அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். 2006 இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: தேர்தல் ஆணையம் சாக்குப்போக்குகளை ஏற்றுக்கொண்டு காலம் தாழ்த்தக் கூடாது. சட்டத்தில் 'கடமை' என்று கறாராக எழுதப்பட்டிருப்பது இதுதான். அரசின் கடமை.

குடிமகனின் கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 இல், 42 ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 51அ பிரிவில் அடிப்படைக் கடமைகளின் பட்டியல் உண்டு. தேசியக் கொடியை மதிப்பது, பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது என்று போகிற அந்தப் பட்டியலில் வாக்களிப்பது இல்லை. 2002 இல் அரசியல் சட்ட மறுஆய்வுக்கான தேசிய ஆணையம் அதைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சேர்க்கப்படவில்லை.

சரி, கடமை இல்லை என்றால் உரிமையா? அதிலும் சிக்கல் இருக்கிறது. 1952 இல் நம் நாமக்கல்லிலிருந்து போன வழக்கு ஒன்று. பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியாகி, அது உச்ச நீதிமன்றம்வரை போனது. வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டமன்றம் இயற்றிய சட்டம் கொடுத்த உரிமை, அதற்கான வரம்புகளுக்கு உட்பட்டதே என்று அப்போது சொல்லப்பட்டது. பிந்திய தீர்ப்புகள் பலவும் அதன்மேல்தான் எழுந்தன. 2003 இல் ஒரு நகர்வு: வாக்களிக்கும் உரிமை வேறு, யாருக்கு என்று தேர்ந்து வாக்களிக்கும் சுதந்திரம் வேறு, பின்னது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்றார்கள். 2013 செப்டம்பர் 27 அன்று 'நோட்டா' பொத்தானுக்கு வழிவிட்ட தீர்ப்பு இந்த வாதத்தின் மேல் கட்டப்பட்டது. எந்திரத்தின் முன்னால் நின்றபின் என் விரலுக்குச் சுதந்திரம் உண்டு. எந்திரத்தின் முன்னால் போய் நிற்கும் வாய்ப்போ சட்டமன்றம் தருவது. மக்களை வைத்துப் பிறந்த மன்றம், மக்களுக்கு ஓட்டைத் தருகிறது. இந்த வட்டத்தை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

3

'கடமை' என்ற அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். போலீஸ்காரர் தெருவில் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே ஒருவர் சட்டத்தின் முன் ஒரு தன்னிலையாகிவிடுகிறார் என்று அல்துஸ்ஸர் விளக்கியதை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். தேர்தல் சுவரொட்டியும் ஒரு கூப்பிடுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசு நம்மைக் 'குடிமக்களே' என்று கூப்பிடுகிறது. மற்ற நாட்களில் அதே அரசு நம்மைப் பயனாளி, மனுதாரர், ஆக்கிரமிப்பாளர், கூட்டம் என்றெல்லாம் கூப்பிடுகிறது. பார்த்தா சட்டர்ஜி இந்த இடைவெளியைத்தான் குடிமைச் சமூகம், அரசியல் சமூகம் என்று பிரித்துப் பார்த்தார். பெரும்பாலான மக்கள் அரசைச் சந்திப்பது உரிமையுள்ள குடிமக்களாக இல்லை. நிர்வகிக்கப்பட வேண்டிய மக்கள்தொகையாகத்தான்.

கடமைப் பேச்சில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜனநாயகத்தின் நோய்க்கெல்லாம் ஒரே நோயாளியை அது கண்டுபிடித்துவிடுகிறது: ஓட்டுப் போடாதவன். ஆட்சி மோசமா? நீ போடவில்லை. பணம் விளையாடுகிறதா? நீ வாங்கினாய். எதற்கும் நீதான் காரணம்.

ஆனால் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்டார்களா? கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவு, தேர்தல் நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது. 1996 இல் சேர்க்கப்பட்ட பிரிவு. மீறுகிற முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். இரண்டு மூன்று பேரின் ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டாலே அபராதத்தை ஈடுகட்டிவிடலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் தேர்தல் நடந்தால் தோட்டமும் மூடியிருக்கும். 2016 மே 16, 2021 ஏப்ரல் 6 ஆகிய தேதிகள் அப்படி அமைந்தன. இங்கே தேர்தல், அங்கே வேலை என்று அமைகிற நாளில், ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஓட்டு. 'கடமைதான்ணே, அன்னைக்குக் கஞ்சிக்கு யாரு கடமை?' என்று ஒரு ஜீப் டிரைவர் கேட்டதில் கேலி மட்டும் இல்லை.

4

கட்டாய வாக்களிப்பு என்ற யோசனை இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். பெல்ஜியம் 1893 இல் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 1924 இல். ஆஸ்திரேலியாவில் வாக்குப்பதிவு நெடுங்காலமாக 90 சதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அங்கே தேர்தல் எப்போதும் சனிக்கிழமை; முன்கூட்டியே போடலாம், தபாலில் போடலாம், மருத்துவமனைக்கும் தூரத்துக் குடியிருப்புக்கும் பெட்டி தேடி வரும். குடிமகனைக் கட்டாயப்படுத்துகிற அரசு முதலில் தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டது. குஜராத் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் மசோதா 2009 இல் நிறைவேறியது. 2014 இல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2015 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதே 2015 இல் சட்ட ஆணையம் தனது 255 ஆவது அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்றது. இங்கே கட்டாயம் என்பது ஜீப்பில் போகிற பெண்ணுக்கு இன்னொரு தண்டமாகத்தான் வந்து சேரும்.

நம்முடைய வரலாறு வேறு திசையில் போனதைக் கவனிக்க வேண்டும். 1919 சட்டத்தின் கீழ் சொத்தும் வரியும் உள்ள மிகச் சிலருக்கே ஓட்டு. அந்த ஆண்டே சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன இளம் அம்பேத்கர், தீண்டப்படாதோருக்குச் சொத்துத் தகுதியைக் குறைக்க வேண்டும் என்றும் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றும் வாதிட்டார். 1921 இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது, அதுவும் சொத்துத் தகுதியோடு. 1935 சட்டத்துக்குப் பிறகும் பெரும்பான்மை வெளியேதான். 1932 இல் ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு தலித்துகளுக்குத் தனித்தொகுதியையும் இரட்டை வாக்கையும் தந்தது. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் அது கைவிட்டுப் போனது. ஓட்டு என்பது இங்கே தாழ்த்தப்பட்டவர்கள் கேட்டு, போராடி, பாதி பெற்று, மீதி இழந்த ஒன்று. கேட்டுப் பெற்றதை 'கடமை' என்று திருப்பிக் கொடுப்பது ஒரு மொழித் தந்திரம்.

1951-52 முதல் பொதுத் தேர்தலின் பட்டியல் தயாரிப்பில் ஒரு செய்தி உண்டு. வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாருடைய பெண்டாட்டி', 'இன்னாருடைய அம்மா' என்றே பதிந்தார்கள். சுமார் 28 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆனாலும் அன்றைய நெறி ஒன்று தெளிவாக இருந்தது: வீடு வீடாகப் போய் எழுதுவது அரசின் பொறுப்பு. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தத்திலும் அலுவலர் வீட்டுக்கு வந்தார். ஆனால் படிவத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால் வரைவுப் பட்டியலில் பெயர் கிடையாது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி எடுத்துச் சொல்ல வேண்டியது வாக்காளர். விடியற்காலையில் மலையேறுகிறவர், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், வாடகை வீடு மாறியவர் ஆகியோர்தான் இதில் முதலில் தடுக்கி விழக்கூடியவர்கள். கடமைப் பேச்சும் பட்டியல் நீக்கமும் ஒரே மூச்சில் நடக்க முடிகிறது என்பதுதான் கவனத்துக்குரியது.

5

இனி நம்மவர்களோடு, அதாவது இந்தப் பத்திரிகையை வாசிக்கிற இடதுசாரி, தீவிர வாசகர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். 'ஓட்டுப் போடாதே' என்பதை ஒரு கலகச் செயலாக நாம் நெடுநாளாகக் கருதி வந்திருக்கிறோம். தேர்தல் புறக்கணிப்பு என்றாலே அதில் ஒரு தூய்மை ஒட்டிக்கொள்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் இந்தத் தூய்மை கலைந்துவிடும்.

73 ஆவது திருத்தத்தை ஒட்டி வந்த 1994 ஊராட்சிச் சட்டத்தின் கீழ் 1996 அக்டோபரில் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். அங்கெல்லாம் என்ன நடந்தது? பத்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவிடவில்லை. ஒன்று, வேட்புமனுவே தாக்கல் ஆகாது. அல்லது ஊரார் நிறுத்திய ஒருவர் வென்று, வென்ற கையோடு பதவி விலகுவார். மறுபடி அறிவிப்பு, மறுபடி விலகல். அதே ஆண்டு மேலவளவில் தலித் ஒருவர் துணிந்து தலைவரானார்; முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியில் மனு போட யாரும் ஏன் முன்வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதுவும் புறக்கணிப்புதான். ஊர் கூடி எடுத்த முடிவு. ஒற்றுமை. அரசை எதிர்த்தல். வடிவத்தை மட்டும் பார்த்தால், நாம் கொண்டாடுகிற எல்லா அம்சங்களும் இதில் இருக்கின்றன. உள்ளே இருந்ததோ 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரியைச் சேர்க்காத ஒரு ஏற்பாடு. 'ஊரே முடிவு பண்ணிருச்சு' என்று சொல்லும்போது அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இதே உசிலம்பட்டிச் சீமையில், பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதிப் பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய அரசைப் பார்த்தவர்கள் அவர்கள். விரல்ரேகையும் வாக்காளர் மையும் ஒரே விரலில்தான் படுகின்றன. அரசின் பதிவேட்டை மறுத்த அந்த மரபு, 75 ஆண்டுகள் கழித்து இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரை வேட்பாளர் பதிவேட்டில் ஏற விடாமல் தடுப்பதற்குப் பயன்பட்டது. ஒடுக்கப்பட்டதன் நினைவு தானாக விடுதலையின் நினைவாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் நம் பக்கத்தில் கிடையாது.

2006 அக்டோபரில் ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில், ஊர் ஊராக நடந்த பேச்சுவார்த்தைகளுக்கும் தலித் அமைப்புகள், இடதுசாரிக் கட்சிகளின் தொடர்ந்த போராட்டங்களுக்கும் பிறகு, அங்கே தேர்தல் நடந்தது. அந்த நவம்பரில் சென்னையில் அரசு 'சமத்துவப் பெருவிழா' எடுத்தது. விழா எடுத்ததில் தவறில்லை. ஆனால் கேள்வி இருக்கிறது: அந்தப் பத்தாண்டில் கடமை தவறியது யார்? ஓட்டுப் போடாத தலித் வாக்காளரா? அவர் ஓட்டுப் போட முடிகிற, அதைவிட முக்கியமாக வேட்புமனு போட்டுவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடிகிற நிலையை உருவாக்க வேண்டியிருந்த அரசா?

இலங்கையிலும் இதே இரட்டை முகம் உண்டு. டொனமூர் சீர்திருத்தத்தின் கீழ் 1931 இல் அங்கே வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்தது. நமக்கு இருபது ஆண்டு முன்பே. பூரண சுயாட்சி இல்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாக இருந்தன. லட்சியத்தில் குறை சொல்ல முடியாத புறக்கணிப்பு. பதினேழு ஆண்டு கழித்து, 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டைப் பறித்தபோது, அவர்களிடம் யாரும் 'புறக்கணிக்கிறாயா?' என்று கேட்கவில்லை. ஓட்டை மறுக்கிற சொகுசு ஓட்டு இருப்பவனுக்குத்தான். பறிகொடுத்தவனுக்கு அதன் விலை தெரியும்.

இதனால் புறக்கணிப்பே தவறு என்று சொல்லவில்லை. சாலை கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, குடிதண்ணீர் கேட்டு மலையடிவாரக் கிராமம் ஒன்று கறுப்புக்கொடி கட்டும்போது, அது அரசின் காதில் விழுகிற ஒரே மொழியைப் பேசுகிறது. அன்றைக்குத்தான் தாசில்தார் ஜீப் வருகிறது. அந்தப் புறக்கணிப்பு ஓட்டின் மதிப்பை அறிந்து செய்யப்படுவது. யார் புறக்கணிக்கிறார்கள், யாருடைய பெயரால், யாரை வெளியே தள்ளி என்று பார்க்காமல், போடுவதையோ மறுப்பதையோ அறமாக்க முடியாது.

6

பணத்துக்கு வருவோம். அதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் ஓட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். 2019 ஏப்ரல் 16 அன்று வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் பட்டுவாடாவுக்காக ரத்தானது. மக்களவைத் தொகுதி ஒன்றில் இந்தியாவில் அதுவே முதல்முறை. அதே இரவு நம் ஆண்டிபட்டியில் வருமானவரித் துறைச் சோதனை. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டிவந்தது. பிடிபட்டது 1.48 கோடி ரூபாய், 94 பொட்டலங்களில். ஒவ்வொன்றின் மேலும் வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்ததாக அந்தத் துறை சொன்னது.

வழக்கமாக இங்கே 'மக்கள் விலைபோய்விட்டார்கள்' என்ற புலம்பல் தொடங்கும். நான் அந்தப் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்கிறேன். வார்டு எண். ஏன் வார்டுவாரியாக? கொடுத்தது வேலை செய்ததா என்று வார்டுவாரியாகச் சரிபார்க்க முடியும் என்பதால். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. மின்னணு எந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனியாகத் தெரிகிறது. என் ஓட்டு ரகசியம். என் தெருவின் ஓட்டு ரகசியமில்லை. ஒரு சாவடிக்கு ஆயிரம் ஓட்டு என்றால், தெருவை விலை பேசவும் முடியும், தெருவைப் பழிவாங்கவும் முடியும். 'உங்க தெருவுல எனக்கு விழல, பிறகு எதுக்குத் தெருவிளக்கு?' என்ற வசனம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். சேரிக்கென்று தனிச் சாவடி இருந்தால் அச்சமின்றிப் போடலாம். அதே காரணத்தால் சேரி எப்படிப் போட்டது என்பதும் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 14 எந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியை 2008 இலேயே தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. 2015 இல் சட்ட ஆணையம் ஆதரித்தது. பின்னர் மத்திய அரசு எதிர்த்தது. சாவடிவாரிக் கணக்கு கட்சிகளுக்குத் தேவைப்படுகிறது. வாக்காளனிடம் 'நேர்மையாகப் போடு, அது உன் கடமை' என்று சொல்கிறவர்கள், அவன் பயமில்லாமல் போடுவதற்கான ஒரு சின்னக் கருவியை வாங்கி வைக்க மறுக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போடுகிற கிழவியின் தந்திரம் எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. ரகசியம் என்ற ஒன்று மிச்சமிருப்பதை அவர்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

7

ஓடைப்பட்டிக்குத் திரும்புகிறேன். 2022 இல் அந்த அம்மா போட்ட ஓட்டு வார்டு உறுப்பினருக்கு மட்டும்தான். பேரூராட்சித் தலைவரை 2011 இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 இல் சட்டத்தை மாற்றி அதை உறுப்பினர்கள் கையில் கொடுத்தாகிவிட்டது. 2022 மார்ச் 4 அன்று மாநிலம் முழுக்க அந்த மறைமுகத் தேர்தல் நடந்தது. அதாவது, ஐந்து வருடம் காத்திருந்து திரும்பி வந்த ஓட்டு, போனதைவிட இளைத்துப்போய் வந்தது. ஊரகத்தில் இன்னொரு சுற்று தொடங்கிவிட்டது: 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 இல் முடிந்ததும், தேர்தலுக்குப் பதில் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆளும் கட்சி வேறு, வழி அதே.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது நினைவில் இருக்க வேண்டும்: அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக, பொருளாதார வாழ்வில் அதே கொள்கையை மறுக்கும் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், அதை நீக்காவிட்டால் இந்தக் கட்டுமானமே தகர்ந்துபோகும் என்றார் அவர். ஓட்டை அவர் கோயில் பிரசாதமாகப் பார்க்கவில்லை, வெறும் ஏமாற்று என்றும் தள்ளவில்லை. முரண்பாட்டைச் சுமக்கிற ஒரு கருவியாகப் பார்த்தார்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஓட்டுப் போட வேண்டுமா என்று கேட்டால், போட வேண்டும் என்பேன். ஆனால் அந்தக் கடமை அரசுக்குச் செலுத்துகிற பாக்கி இல்லை. மேலவளவில் வெட்டுப்பட்டவர்களுக்கும், பாப்பாபட்டியில் மனு எழுதிக் கிழித்துப் போட்டவர்களுக்கும், மலையகத்தில் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டவர்களுக்கும் நாம் செலுத்த வேண்டியது. அப்படிப் பார்த்தால் அது ஒரு நாள் வேலையாக முடியாது. பட்டியலில் பக்கத்து வீட்டு ஜீப்காரம்மா பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, கூலியோடு விடுமுறை கேட்டுத் தோட்ட முதலாளியிடம் போவது, தேர்தல் தள்ளிப்போனால் தெருவில் உட்காருவது, சாவடிவாரிக் கணக்கை நிறுத்தச் சொல்வது, ஒதுக்கப்பட்ட இடத்தில் தலைவரானவர் நாற்காலியில் உட்கார முடிகிறதா என்று போய்ப் பார்ப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஓட்டு. மையை மட்டும் காட்டினால் போதாது.

சில மாதம் கழித்து அதே அம்மாவைப் பேரூராட்சி அலுவலக வாசலில் பார்த்தேன். கூட நாலைந்து பெண்கள். 'என்ன அத்தை, இங்க?' 'சாக்கடைதான்ப்பா. மெம்பரு இப்ப இருக்காருல்ல, கேக்க ஆளு கிடைச்சிருச்சு' என்றார். 'அவரு கடமைய அவரு செய்யறாரான்னு பாக்குறது எங்க கடமை.'